சொல்தாவின் படிக்கட்டு

காரைக்காலில் உள்ள அத்தனை அடுக்குமாடிகளையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் சொல்தாவிடம் ஒப்படைக்கலாம். குழாய் சொட்டாது. குப்பை சிதறாது. வண்டி குறுக்கே நிற்காது. ஒரு மாதத்தில் அங்கே குடியிருக்கவும் ஆள் இருக்காது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். இவருடைய பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. போன வருஷம் மகள் வந்து பிரான்சுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அவளும் அங்கே அடுக்குமாடியில்தான் இருக்கிறாளாம். அந்தக் கட்டிடத்துக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நான் இங்கே வாட்ச்மேன். சொந்த ஊர் கருக்களாச்சேரி. அண்ணன் படகை விற்ற பிறகு கடலுக்குப் போகவில்லை. கேட் திறப்பது, மோட்டார் போடுவது, குப்பை எடுப்பது எல்லாம் என் வேலை. கீழே வண்டி நிறுத்தும் இடம். மேலே நாலு மாடி, மாடிக்கு நாலு வீடு. அதில் ஐந்து வீடு பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். சொல்தா நாலாவது மாடியில் தனியாக இருந்தார். சங்கத்துக்குச் செயலாளர். அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஜெயித்தாலும் அவரோடு ஒரே கட்டிடத்தில்தானே குடியிருக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு எல்லார் செல்போனிலும் அவர் குரல் வரும். முதலில் ஒரு விசில். பிறகு, "தண்ணி வந்திருச்சு. வாளிய நெறப்பு. வண்டி கழுவாத." அவ்வளவுதான்.

இரண்டாவது மாடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கோட்டுச்சேரிப் பக்கம் நிலம் உள்ளவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "மரியாதையா சொன்னா வாய் வலிக்குமா?" என்று கேட்டார். மறுநாள் ஐந்தரைக்கு விசில் வந்தது. பிறகு, "மரியாதைக்குரிய வாத்தியார் அவர்களே, வண்டி கழுவாத."

சாயங்காலம் மாடி மாடியாகப் போய்க் கதவில் காது வைப்பார். மூன்றாவது மாடி ஜவுளிக்கடை பாய் ஒருநாள் சட்டென்று கதவைத் திறந்துவிட்டார். சொல்தா உள்ளே விழப் பார்த்தார்.

"என்ன சொல்தா, ஒட்டுக் கேக்குறீங்களா?"

"உன் பேச்ச யாரு கேட்டா? உன் குழாய் பேசுது. நிமிஷத்துக்கு நாப்பது வார்த்தை."

பாய் அன்றைக்கே வாஷர் மாற்றினார். எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. மேலே தொட்டி ஒன்றுதான். மூன்றாவது மாடியில் சொட்டிப் போவது முதல் மாடியில் இருக்கும் போஸ்ட் ஆபீஸ் மணி குளிக்க வேண்டிய தண்ணீர். கதவைச் சாத்திக்கொண்டால் இது கண்ணுக்குத் தெரியாது.

மொட்டை மாடியில் துணி காயப்போட எப்போதும் சண்டை. சொல்தா டேப் வைத்துக் கயிற்றை அளந்து, வீட்டுக்கு இத்தனை அடி என்று சிவப்பு நூல் கட்டினார். வாத்தியார் வீட்டம்மா சேலையைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க விட்ட எடத்துல இத எப்படிங்க காயப்போடுறது?"

"மடிச்சுப் போடு."

"மடிச்சாக் காயாதே."

"காயற வரைக்கும் மடிச்சுப் போடு."

அந்தம்மா ஈரச் சேலையோடு இறங்கிப் போனார். இரண்டு நாளில் நூல்கள் காணாமல் போயின. எடுத்தது யாரென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஒரு கூட்டத்தில் மற்ற பத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு தாள் கொடுத்தார்கள். செயலாளர் சத்தம் போட்டுப் பேசுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கொடுத்துவிட்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சொல்தா கண்ணாடியை மாட்டினார். எழுந்து நின்றார். தாளை முழுதும் வாசித்தார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். யாரும் தூக்கவில்லை. அவர் மட்டும் தூக்கினார். "நிறைவேறியது!" என்று கத்தினார். தெருவில் போன நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது.

அவருடைய பெரிய சண்டை எல்லாம் படிக்கட்டைப் பற்றித்தான். கீழேயிருந்து அவர் வாசல் வரை எழுபத்திரண்டு படி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் யாராவது எதையாவது வைத்துவிடுவார்கள். செருப்பு அலமாரி, பழைய மெத்தை, உடைந்த சைக்கிள். வீட்டுக்குள் இடமில்லாத பொருளுக்கு எல்லோரும் கண்டுபிடித்த இடம் அது. சொல்தா பார்த்தால் அதைக் கீழே கொண்டுவந்து கேட் பக்கத்தில் வைத்துவிடுவார். கொண்டுவருவது நான்.

"படிக்கட்டு வீடு இல்ல. வழி" என்பார். நான் தலையாட்டுவேன். தலையாட்டினால் வேலை சீக்கிரம் முடியும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. லிப்ட் இறங்கி நிற்கும் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். லிப்ட்காரர் வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீரை இறைத்து, நனைந்த சாமானை மாற்ற வேண்டும், சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும், மழை விடட்டும் என்றார். எல்லோரும் நடந்தார்கள். முனகிக்கொண்டே நடந்தார்கள்.

நடக்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். ஆயிஷா. சொல்தாவுக்கு எதிர் வீடு. புருஷன் ஷார்ஜாவில். அவளைப் பெற்ற உம்மா துணைக்கு இருந்தார். ஆயிஷாவுக்கு ஒன்பதாவது மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை டாக்டர் படி ஏறி இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வலி கண்டால் நேரம் கடத்தாமல் வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அவர்களுடைய பழைய வீட்டுத் தெருவில் வெள்ளம். மணி தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஏழு பேர். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, அதற்குள் லிப்ட் ஓடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சொல்தா நினைக்கவில்லை.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"புள்ள எத்தன கிலோ?"

உம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னும் பொறக்கவே இல்லையே?"

"உங்க பொண்ணு."

"எதுக்குங்க கேக்குறீங்க?" என்று தயங்கியே எண்ணைச் சொன்னார். எழுபது.

சொல்தா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ எத்தன?"

"எழுபது இருக்கும்."

"நீதான் பொண்ணு" என்றார்.

அவர் வீட்டுத் தேக்கு நாற்காலி ஒன்று வந்தது. கை வைத்த நாற்காலி. இரண்டு பக்கமும் சவுக்குக் கழி வைத்துக் கட்டச் சொன்னார். முடிச்சு நான் போட்டேன். முடிச்சுப் போட எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. தூக்க நாலு பேர் வேண்டும். வாத்தியார், மணி, பாய் வந்தார்கள். நாலாவது ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து காஸ் சிலிண்டர்காரர் நாலாவது மாடிக்குச் சிலிண்டர் கொண்டுவந்தார். வந்தவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சிலிண்டர் தூக்குற தோளு. வா இப்படி" என்றார் சொல்தா.

என்னை உட்காரவைத்து வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டினார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"திருப்பத்துல வயிறு இடிக்குதான்னு பாக்கணும்."

எனக்கு மீசை இருக்கிறது. கொஞ்சம் பெரிய மீசை. அதோடு தலையணை. சிலிண்டர்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கீழே போய்ச் சேரும் வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நாற்காலியை விட்டிருப்பார்.

"ஆலே!" என்றார் சொல்தா. பிரெஞ்சில் நட என்று அர்த்தம். விசில் ஊதினார். நடந்தோம். நாலாவது மாடியிலிருந்து மூன்றாவது, சரியாக வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது.

அங்கே ஏழு நெல் மூட்டை இருந்தது. வாத்தியாருடையது. குறுவை அறுத்து, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று முந்தின ராத்திரிதான் கொண்டுவந்தது. நாற்காலியின் கால் மூட்டையில் மாட்டியது. என் தலையணை சுவரில் அழுந்தியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாத்தியார் வீட்டம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சிரிப்புச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"யாரு மூட்டை இது?" என்றார் சொல்தா.

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. என்னோடதுதான்" என்றார் வாத்தியார், கழியைத் தோளில் வைத்துக்கொண்டே.

"எடு."

"எங்க வைக்கிறதுங்க? எங்க வீட்டுல ரெண்டு ரூம்பு. ஈர நெல்லு இது. காத்தில்லாத எடத்துல அடுக்குனா சூடேறி மொளச்சிரும். இந்தத் திருப்பத்துலதான் ஜன்னல் இருக்கு, காத்து வருது. மழையில நனைஞ்சுக்கிட்டே அறுத்தது. வேணாம்னு தூக்கிப் போடவா சொல்றீங்க?"

"அந்தப் புள்ள வலியோட வந்து இதுல மாட்டிக்கிட்டா?"

"அதுக்குள்ள லிப்ட் வந்துரும்."

"வராட்டி?"

வாத்தியார் கழியை அடுத்த தோளுக்கு மாற்றினார்.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்றேன்.

"புள்ளத்தாச்சிக்கு முட்டத்தான் செய்யும். பேசாம இரு" என்றார் சொல்தா.

பாய்தான் நடுவில் பேசினார். "ரெண்டு பேரு சொல்றதும் நியாயம்தாங்க. ஆனா என் தோளு போவுது. சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

சொல்தா மூட்டைக்குள் கையை விட்டார். சூடு பார்த்தார். எடுத்து முகர்ந்தார். செருப்பு அலமாரிக்கும் மெத்தைக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை. இதைக் கேட் பக்கம் கொண்டுபோய் வை என்று எனக்குச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"என் வீட்டுக்குக் கொண்டா" என்றார்.

"உங்க வீட்டுக்கா?"

"கூடத்துல ரெண்டு மின்விசிறி ஓடுது. நான் ஒருத்தன்தான். நெல்லுக்குப் போதும்."

ஏழு மூட்டையும் நானும் மணியும் ஏற்றினோம். சொல்தா சோபாவை நிமிர்த்தி சுவரில் சாய்த்தார். கூடம் முழுக்க நெல்லைக் கொட்டிப் பரப்பினோம். சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் நெல். அவர் அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் நெல்லை மிதித்துத்தான் போக வேண்டும். நெல்லைக் காலால் கிளறிவிட வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். சொல்தா உடனே ஆரம்பித்தார். சுவரிலிருந்து சுவர் வரை, பின்னால் கை கட்டிக்கொண்டு, லெப்ட் ரைட், லெப்ட் ரைட். ஓரத்தில் வந்ததும் குதிகாலில் சுழன்று திரும்பினார். எத்தனையோ விவசாயி நெல் கிளறிப் பார்த்திருக்கிறேன். நெல்லைப் பட்டாளத்தில் சேர்த்தவரை அங்கேதான் பார்த்தேன்.

வாத்தியார் தினம் நாலு மணிக்கு நெல்லைப் பார்க்க வருவார். முதல் இரண்டு நாள் சொல்தாவோடு பேசவில்லை. குனிந்து நெல்லைக் கடித்துப் பார்ப்பார், போவார். மூன்றாவது நாள் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார்.

"நெல்லுக்கா, எனக்கா?" என்றார் சொல்தா.

"நெல்லு காபி குடிக்காது. நீங்க குடிங்க" என்றார் வாத்தியார்.

ஒத்திகை இன்னும் மூன்று தடவை நடந்தது. மூன்றிலும் நான்தான் பொண்ணு. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஆள் டார்ச்சோடு நிற்க வேண்டும், பெண்கள் கதவைத் திறந்துவைக்க வேண்டும், மழைத்தண்ணீர் படியில் சொட்டாமல் துடைக்க வேண்டும், பாயின் கடை வேன் கேட்டில் தெருவைப் பார்த்து முகம் திருப்பி நிற்க வேண்டும். எல்லாம் சொல்தாவின் உத்தரவு. கேட்டில் வருகிறவர்கள் எல்லாம் "புள்ளத்தாச்சி, கேட்டத் தொற" என்றார்கள். திறந்தேன். என் பெண்டாட்டி ஒரு வாரம் என்னைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆயிஷா மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்று ஒத்திகையைப் பார்த்துச் சிரிப்பாள். ஒருநாள் உம்மா என்னிடம் வந்து, "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு மாசமா இந்தப் புள்ள சிரிக்கவே இல்ல. எப்பப் பாத்தாலும் வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்பா" என்றார். அதற்குப் பிறகு தலையணையை நானே கட்டிக்கொண்டேன்.

பதினைந்து நாள் என்றார்களே, ஒன்பதாவது நாள் வலி வந்துவிட்டது. காலை ஒன்பதரை மணி. நல்ல மழை. வானம் கறுத்து, படிக்கட்டில் சாயங்காலம் மாதிரி இருட்டு. "யா அல்லாஹ்" என்று உம்மாவின் குரல் கேட்டது. அடுத்து விசில். மூன்று தடவை.

ஓடினேன். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. பனியனோடு வந்தார். பாய் கடைக்குக் கிளம்பிய ஆள், வேன் சாவியை டிரைவரிடம் எறிந்துவிட்டு மேலே வந்தார். மணி பாதி முகம் சவரத்தோடு வந்தார். நாற்காலியை அவள் வாசலில் வைத்தோம். சொல்தா விசிலை வாயில் வைத்தார்.

ஆயிஷா வெளியே வந்தாள். உம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"நான் இதுல உக்கார மாட்டேன் தாத்தா."

"என்னம்மா சொல்ற? நாலு தடவ ஒத்திகை பாத்தாச்சு."

"பாத்தேன். அவரு உக்காந்தப்ப சிரிச்சேன். இப்ப எனக்குப் பயமா இருக்கு. கால் தரையில இருந்தாத்தான் எனக்குத் தைரியம். நான் நடந்துர்றேன். மெதுவா நடக்குறேன்."

"டாக்டரு படி வேணாம்னு சொன்னாரே" என்று உம்மா அழுதார். கையில் போன் இருந்தது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி நர்ஸ். பாய் போனை வாங்கிக் கேட்டார். "வலி விட்டு விட்டு வந்தா, பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கலாமாம். வலி வரும்போது நிக்கணுமாம். தாமதம் மட்டும் வேணாங்கிறாங்க" என்றார்.

எல்லோரும் சொல்தாவைப் பார்த்தோம். போட்ட உத்தரவை மாற்றி நான் அவரைப் பார்த்ததில்லை. சிவப்பு நூலைக்கூட அவர் மாற்றவில்லை, அதுவாகத்தான் போனது. விசிலை வாயிலிருந்து எடுத்தார். சட்டைப் பையில் போட்டார்.

"நீ நட. நாற்காலி பின்னால வரும்" என்றார்.

அப்படித்தான் இறங்கினோம். முன்னால் சொல்தா, பின்பக்கமாகப் படி இறங்கினார், அவளைப் பார்த்தபடி. எழுபத்தைந்து வயது. கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை, இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் விரித்து வைத்திருந்தார். அவளை உம்மா ஒரு பக்கம் பிடித்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் நாலு ஆம்பிளைகள், வெறும் நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு. பார்க்கிறவன் சிரிப்பான். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது மாடியில் பாய் வீட்டம்மா டார்ச்சோடு நின்றார். டார்ச்சை மகளிடம் கொடுத்துவிட்டு, ஆயிஷாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினார். படி துடைத்து உலர்ந்திருந்தது. எந்தத் திருப்பத்திலும் ஒரு செருப்புக்கூட இல்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது பெரிய வலி வந்தது. அவளால் நிற்க முடியவில்லை. "தாத்தா" என்றாள். நாற்காலியை இறக்கினோம். மூட்டைகள் இருந்த இடத்தில் அது சரியாக உட்கார்ந்தது. அவளும் உட்கார்ந்தாள். சுற்றி ஆறு பேர் நின்றோம், அத்தனை இடம் இருந்தது. வாத்தியார் வீட்டம்மா வெந்நீரில் நனைத்த துணியோடு வந்து அவள் இடுப்பில் வைத்து அழுத்தினார். மழைச் சத்தம் மட்டும். சொல்தா அவளுக்கு எதிரே படியில் உட்கார்ந்து மெதுவாக எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தம் போடாமல் அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான். எண்பத்தைந்து வரை எண்ணினார். வலி விட்டது.

வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நாலு நெல் கிடந்தது. குனிந்து பொறுக்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

அவள் எழுந்தாள். மீதியையும் நடந்தே இறங்கினாள். வேன் முகம் திருப்பி நின்றது. பெண்கள் மூவரும் அவளோடு ஏறினார்கள். பாயும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேன் போனது.

சொல்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி நிறுத்தும் இடத்தில், மழையைப் பார்த்துக்கொண்டு. நான் டீ வாங்கி வந்தேன். குடிக்கவில்லை. மேலே போங்கள் என்று மணி சொன்னார். "போறேன்" என்றார். போகவில்லை. பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று. வாத்தியார் வந்து கீழே தரையில் உட்கார்ந்தார். எனக்கு அந்த மூன்று மணி நேரமும் கேட்டைத் திறந்து மூடுவதைத் தவிர வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு மணிக்குப் பாயே வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே கத்தினார். "பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! அல்ஹம்துலில்லாஹ்!"

வாத்தியார் எழுந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "புள்ளத்தாச்சி, ஒனக்குப் பொண்ணு பொறந்திருக்குய்யா" என்றார். மணி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

சொல்தா சிரிக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாவது தடவை கையை ஊன்றினார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். அத்தனை படியும் பின்பக்கமாக இறங்கியவர்.

"செத்த நேரம் ஆவட்டும், நானே ஏறிப்பேன்" என்றார்.

வாத்தியார் அவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கழியின் ஒரு முனையைப் பிடித்தார்.

"தூக்குங்கய்யா."

"யோவ், நான் என்ன நோயாளியா? விடுங்க."

"விட முடியாதுங்க. மேல என் நெல்லு கெடக்கு. யாரு கிளறுவா?"

தூக்கினோம். முன்னால் வாத்தியாரும் மணியும், பின்னால் நானும் பாயும். முதல் மாடி வரை சொல்தா உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். இடது, வலது, செவுரு, செவுரு.

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாங்க சொல்தா. நீங்க பேசுனா கனம் கூடுது" என்றார் பாய்.

மூடிக்கொண்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு படி. நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. இடையில் இறக்கி வைக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.